பொந்து தேடும் குட்டிகள்: மரச்சிலந்திக்கு வீடு கட்டக் கற்ற கதை

1/ மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. மருத்துவப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க ஓடிடாதீங்க. நடுவில் நுரையீரல், நீரிழப்பு, தசைப்பிடிப்பு எல்லாம் வரும். ஆனால் கதாநாயகி ஒரு சிலந்தி. மரத்தில் வாழும், உள்ளங்கை அளவுக்கு வளரும் டரான்டுலா. சிலந்தின்னாலே பயம்னு சொல்றவங்களுக்காகப் படம் எதுவும் போடலை. தைரியமாப் படிக்கலாம்.

2/ கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினான். சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மரப்பட்டைத் துண்டு. அதன்மேல் விரல்நகம் அளவில் ஒரு சிலந்திக் குட்டி. "மாமா, இது பெருசானா முழு நீலமா மாறுமாம். ஆன்லைன்ல கிடைக்குது. எப்படி வெச்சு வளர்க்கணும்? கடிச்சா ஆபத்தா? வாங்கட்டுமா?"

3/ "வேண்டாம்டா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த வயசில் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்று சொன்ன யார் பேச்சையும் நான் கேட்டதில்லை. அதனால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, இந்தச் சிலந்திக்கும் மனிதனுக்கும் உள்ள பழைய உறவை அவனுக்கு விளக்கினேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

4/ முதலில் நம் ஊரில் நடந்த சம்பவம். 2021 ஜூலை. போலந்திலிருந்து வந்த ஒரு தபால் பார்சலைச் சென்னையில் சுங்க அதிகாரிகள் பிரித்தார்கள். முகவரி அருப்புக்கோட்டை. உள்ளே தெர்மாகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி!

5/ வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் விலங்கியல் ஆய்வுத் துறையினரும் வந்து பார்த்து, மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து டரான்டுலா வகைகள் என்றார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்று இல்லை. பார்சலை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப முடிவானது. மெக்சிகோ சிலந்தி, போலந்து வழியாக, அருப்புக்கோட்டைக்கு! இந்த ஆசை எங்கிருந்து தொடங்கியது?

6/ பெயரிலிருந்தே வருவோம். இத்தாலியின் தெற்கே டாரன்டோ என்று ஒரு துறைமுக ஊர். அந்தப் பக்கத்து வயல்களில் ஒரு சிலந்தி கடித்தால் பித்துப் பிடிக்கும், விடாமல் ஆடினால்தான் விஷம் இறங்கும் என்று சில நூற்றாண்டுகள் மக்கள் நம்பினார்கள். டரான்டெல்லா என்ற நடனத்தின் பெயரும் அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். 1690களில் பக்லிவி என்ற இத்தாலிய மருத்துவர் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

7/ வேடிக்கை என்னவென்றால், அந்த இத்தாலியச் சிலந்தி இன்று நாம் டரான்டுலா என்று சொல்லும் குடும்பமே இல்லை. அது ஓநாய்ச் சிலந்தி. அமெரிக்கக் கண்டங்களுக்குப் போன ஐரோப்பியர்கள் அங்கே முடி அடர்ந்த பெரிய சிலந்திகளைப் பார்த்துப் பழைய பயத்தோடு பழைய பெயரையும் தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டார்கள். ஆக, இந்த உயிரினத்தின் பெயரே ஒரு தவறான நோயறிதல்.

8/ பயத்தை ஒதுக்கிவிட்டு உற்றுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். மரியா சிபில்லா மெரியன். 1699-ல், 52 வயதில், இளைய மகளை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறி, தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குப் போனார். பூச்சிகளை அவை வாழும் செடியோடு சேர்த்து வரைய வேண்டும் என்பது அவர் விருப்பம். உடம்புக்கு முடியாமல் 1701-ல் திரும்பினார். 1705-ல் நூல் வந்தது.

9/ அதில் ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. கொய்யாக் கிளை. அதில் பெரிய சிலந்திகள். ஒரு சிலந்தி, கூட்டிலிருந்து இழுத்த குட்டிப் பறவையைத் தின்கிறது. லின்னேயஸ் 1758-ல் அந்தச் சிலந்திக்கு 'அவிகுலேரியா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'அவிகுலா' என்றால் சிறு பறவை. கவனியுங்கள், அறிவியல் உலகம் அறிந்த முதல் பெரிய டரான்டுலாவே மரத்தில் வாழ்வதுதான்.

10/ ஆனால் அடுத்த நூற்றாண்டில் பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது! 1834-ல் மெக்லே என்ற பூச்சியியலாளர், பறவை பிடிக்கும் சிலந்தி இருப்பதே சந்தேகம் என்று எழுதினார். மெரியன் கதை கட்டுகிறார் என்ற பேச்சு பரவியது. அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லை.

11/ பதில் அமேசானிலிருந்து வந்தது. ஹென்றி வால்டர் பேட்ஸ். 1848-ல் போனவர், 11 வருடம் அங்கேயே கிடந்தார். டோகன்டின்ஸ் ஆற்றங்கரையில் கமெட்டா என்ற ஊர். ஒரு மரத்தின் பிளவில் வலை, அதில் இரண்டு சின்னப் பறவைகள், பக்கத்தில் சிலந்தி. ஒரு பறவை செத்திருந்தது, இன்னொன்று சாகும் நிலையில். 1863-ல் வந்த தன் நூலில் இதைப் பதிவு செய்தார். மெரியன் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

12/ அதே நூலில் இன்னொரு காட்சி இருக்கிறது. அந்த ஊர்ப் பூர்வகுடிப் பிள்ளைகள் ஒரு பெரிய சிலந்தியின் இடுப்பில் நூலைக் கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிப் போவதுபோல வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார்களாம்! செல்லச் சிலந்தி பற்றி எனக்குத் தெரிந்த பழைய எழுத்துச் சான்றுகளில் இதுவும் ஒன்று. என் மருமகனுக்கு இதைச் சொன்னதும் "பார்த்தீங்களா மாமா" என்று குஷியாகிவிட்டான். இருடா, கதை முடியலை.

13/ மருத்துவனாக எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. பேட்ஸ் தான் முதலில் பிடித்த சிலந்தியைப் பதப்படுத்தும்போது கவனக்குறைவாகத் தொட்டுவிட்டு மூன்று நாள் கஷ்டப்பட்டார். காரணம் விஷம் இல்லை, உடம்பிலிருந்து உதிரும் நுண்முடிகள் என்று சரியாகக் கணித்தார். 2010-ல் லான்செட் இதழில் வந்த ஒரு நோயாளியின் கதையும் இதுவே. சிலந்தித் தொட்டியைச் சுத்தம் செய்தவர், வாரக்கணக்கில் கண் சிவப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால் கருவிழியில் நுண்முடிகள் குத்தி நிற்கின்றன!

14/ இந்த முடி ஆயுதம் அமெரிக்கக் கண்டத்து வகைகளுக்கு மட்டும்தான். நம் நாட்டு மரச்சிலந்திக்கு அது கிடையாது. அதனால் அது இரண்டே வேலை செய்யும். மின்னல் வேகத்தில் ஓடும். ஓட வழியில்லை என்றால் கடிக்கும். நம் நாட்டு மரச்சிலந்தியா? ஆமாங்க, இனிமேல்தான் நம்ம ஊர் வருது.

15/ இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் மரச்சிலந்திப் பேரினம் ஒன்று உண்டு. பெயர் பொசிலோதீரியா. கால்களில் மஞ்சள், கறுப்பு, சாம்பல் பட்டைகள், முதுகில் கோலம் போட்ட மாதிரி வடிவம். லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த போகாக் என்பவர் 1899-ல் இவற்றில் பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். அரக்கோணத்தில் கிடைத்ததற்கு 'ரீகாலிஸ்'. சேலம் பக்கம் கிடைத்ததற்கு 'ஃபார்மோசா'.

16/ அதே வருடம் மூன்றாவதாக ஒன்று. அன்றைய சென்னை மாகாணத்தில், அனந்தபூர் மாவட்டத்து ரயில் ஊரான கூட்டியில் ஒரு சிலந்தி கிடைத்தது. உலோகம் போல மின்னும் நீலம். பெயர் 'மெட்டாலிகா'. என் மருமகன் அனுப்பிய வீடியோவில் இருந்தது இதன் குட்டிதான். அந்த நீலம் சாயம் இல்லை. முடிகளின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நிறம். குட்டியில் மங்கலாக இருக்கும், வளர வளரத் தெளியும்.

17/ அதன்பிறகு ஒரு நூற்றாண்டு அந்த நீலச் சிலந்தியை எந்த ஆய்வாளரும் பார்த்ததாகப் பதிவில்லை. கூட்டி அதன் ஊரே இல்லை, காட்டிலிருந்து ரயிலில் வந்த மரக்கட்டைகளோடு சேர்ந்து வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. அதாவது, வீட்டை வெட்டி ரயிலில் ஏற்றினோம். குடியிருந்தவளும் கூடவே வந்து இறங்கினாள்.

18/ இதற்கிடையே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டரான்டுலா வளர்ப்பது பெரிய பொழுதுபோக்கானது. காட்டிலிருந்து அள்ளினார்கள். மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தியை 1985-லேயே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலை. பிறகு பெட்டிக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப் பழகினார்கள். ஒரே முட்டைப் பையிலிருந்து பத்துக்கணக்கில், சில இனங்களில் நூற்றுக்கணக்கில் குட்டிகள். அத்தனையையும் எப்படிக் காப்பாற்றுவது?

19/ இங்கேதான் பெரிய தவறு நடந்தது. மழைக்காட்டு உயிரினம், அதற்கு ஈரம் வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். சின்ன டப்பா, அடியில் சொதசொதவென்று மண், மூடியை இறுக்கி மூடு. குட்டிகள் செத்தன. குறிப்பாக மெரியன் வரைந்த அந்த அவிகுலேரியா இனத்தின் குட்டிகள். நேற்றுவரை நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடக்கிறது. ஈரம் போதவில்லை போல என்று இன்னும் தண்ணீர் தெளித்தார்கள்!

20/ சிலந்தி எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்தால் தவறு புரியும். டரான்டுலாவுக்கு வயிற்றுப் பக்கம் நான்கு 'புத்தக நுரையீரல்கள்'. புத்தகத் தாள்கள்போல மெல்லிய அடுக்குகள், அவற்றுக்கு நடுவே காற்று. நம்மைப்போல நெஞ்சை விரித்து மூச்சை இழுக்காது. வரும் காற்றுதான் வாழ்வு. மரத்தின் மேலே ஈரமும் இருக்கும், காற்றும் ஓடிக்கொண்டே இருக்கும். டப்பாவில் ஈரத்தை மட்டும் கொண்டுவந்து காற்றை மறந்துவிட்டார்கள். தேங்கிய ஈரக் காற்றும் பூஞ்சையும்தான் மிச்சம்.

21/ காற்றோட்டம் இல்லாத வார்டில் நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது மாதிரி. எங்கள் துறையும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது என்பதால், சிலந்தி வளர்த்தவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

22/ பல வருட இழப்புக்குப் பிறகு அவர்கள் கற்ற வீடு இதுதான். அகலத்தைவிட உயரம் அதிகமான சின்ன டப்பா. இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிரே துளைகள், குறுக்கே காற்று ஓட. துளை குட்டியின் உடம்பைவிடச் சிறியது, இல்லாவிட்டால் ஆள் எஸ்கேப். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள். செங்குத்தாகச் சாய்த்த மரப்பட்டை, பின்னால் ஒளிய இடம். டப்பாவுக்கு ஒரு குட்டி. சின்ன டப்பா ஏன்? பெரியதில் விட்டால் குட்டி இரையைக் கண்டுபிடிக்காது, குட்டி தின்றதா என்று நமக்கும் தெரியாது.

23/ சாப்பாடு வாரம் ஒன்றிரண்டு முறை. பழ ஈ, குட்டி வெட்டுக்கிளி, அல்லது கொன்ற பூச்சியின் ஒரு துண்டு. சட்டை உரிக்கும் காலம் வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும். அப்போது மீதி இரையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மெத்தென்று கிடக்கும் குட்டியை இரையே கடித்துவிடும். உரிக்கும்போது மல்லாந்து படுக்கும். செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் உண்டு!

24/ நிஜமான ஆபத்தின் அறிகுறி வேறு. கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டுவிடும். சிலந்தியின் காலில் முக்கியமான சில மூட்டுகளை நீட்டத் தசையே கிடையாது. உடல்திரவத்தின் அழுத்தத்தால்தான் கால் நீளும், ஜேசிபி இயந்திரத்தின் கை மாதிரி. தண்ணீர் குறைந்தால் அழுத்தம் குறையும், கால் மடங்கும். வயிற்றுப்போக்கில் துவண்டு வரும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் டப்பாச் சுவரில் ஒரு துளி நீர் எப்போதும் கிடைக்க வேண்டும், ஆனால் டப்பா முழுக்க நனையக் கூடாது.

25/ இந்த அறிவால் பொசிலோதீரியா குட்டிகள் உலகம் முழுக்க டப்பாக்களில் பெருகின. சரி, சொந்த ஊரில்? 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் நீலச் சிலந்தி மறுபடி கண்ணில் பட்டது. 102 வருடம் கழித்து! 2008-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை 'மிக அருகிய இனம்' என்று அறிவித்தது. அப்போது தெரிந்த வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவும் விறகுக்கும் மரத்துக்கும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காடு.

26/ இன்னும் பக்கத்தில் வருவோம். ராமேஸ்வரம் தீவில் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கிடைத்த பொசிலோதீரியாவுக்கு 2004-ல் அந்தக் கோயிலின் பெயரையே வைத்தார்கள். 'ஹனுமவிலாசுமிகா'. அதுவும் 2008-ல் மிக அருகிய இனம் ஆனது. அது குடியிருப்பது பெருங்காட்டில் இல்லைங்க. புளி, பனை, தென்னைத் தோப்புகளில். 2015-ல் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் அதே இனம் இருப்பது தெரியவந்தது.

27/ மன்னாருக்குக் கிழக்கே, வன்னியில் மாங்குளம். போர் முடிந்தபின் ஆய்வாளர்கள் அங்கே தேடிப் போனார்கள். 2012-ல் புதிய இனமாக அறிவித்தார்கள், வழிகாட்டிய காவல் அதிகாரி ஒருவரின் பெயரால் 'ராஜேய்' என்று. கால் விரித்தால் 20 சென்டிமீட்டர் வரை. பழைய மரப் பொந்துகளில் வாழ வேண்டியது. மரங்கள் குறைந்ததால் பழைய கட்டடங்களுக்குள் வந்துவிட்டது. அப்படி அது கிடைத்த இடங்களில் ஒன்று மாங்குளம் மருத்துவமனையின் பழைய டாக்டர் குவார்ட்டர்ஸ்! இதைப் படித்தபோது நான் வேலை பார்த்த கிராமத்து குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்து, பின்னந்தலை சில்லிட்டது உண்மை.

28/ சரி, கடித்தால்? 2014-ல் டாக்ஸிகான் என்ற நச்சியல் இதழில் பொசிலோதீரியா கடிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான தசைப்பிடிப்பு. உடனே வராமல் பல மணி நேரம் கழித்தும் வரலாம், நாள்கணக்கில் நீடிக்கலாம். முறிமருந்து இல்லை. வலிக்கும் பிடிப்புக்கும் மருந்து கொடுத்துக் கண்காணிப்பதுதான் சிகிச்சை. உயிர் போகும் என்ற பயம் வேண்டாம், ஆனால் "எறும்புக் கடி மாதிரி" என்று சொல்லும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். கிழிப்பது, கட்டுப் போடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. சோப்பு போட்டுக் கழுவி மருத்துவமனைக்குப் போங்கள்.

29/ சட்டம்? 2019 ஜெனீவா மாநாட்டில் பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். இலங்கையும் அமெரிக்காவும் கொண்டுவந்த முன்மொழிவு. நம் வனவிலங்குச் சட்டமும் 2022-ல் திருத்தப்பட்டு, அந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. ஆன்லைனில் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

30/ எல்லாம் கேட்டுவிட்டு என் மருமகன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "மாமா, காட்டில் அழிஞ்சாலும் டப்பாவில் உயிரோடு இருக்கே, அது நல்லதுதானே?" நான் சொன்னேன். ஒரு டப்பாவுக்கு ஒரு குட்டி என்று பார்த்தோம் இல்லையா? காட்டில் பொசிலோதீரியா அப்படி வாழ்வதில்லை. ஒரே பொந்தில் தாயும் குட்டிகளும் சேர்ந்து இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மழை, வெயில், பல்லி, காற்று, ஈரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பொந்து பதில். முந்நூறு வருடம் பார்த்துப் பார்த்துக் கற்றும் நாம் செய்த டப்பா அதன் ஒரு சின்ன நகல்தான். சில பெட்டிகளில் மிஞ்சிய நீலச் சிலந்தி, திரும்பிப் போகக் காடு இல்லை என்றால் பெட்டியிலேயே இருக்க வேண்டியதுதான்.

31/ அவன் வாங்கவில்லை. எனக்காகவா, சுங்கத்துக்குப் பயந்தா தெரியாது. ஆனால் போன ஞாயிறு ஒரு போட்டோ அனுப்பினான். எங்கள் ஊர்ச் சாலையோரப் புளியமரம். அவன் தாத்தா காலத்துக்கும் முந்தியது. அடிமரத்தில் பெரிய பொந்து. பக்கத்தில் சாலை அகலப்படுத்தக் குறியிட்ட சிவப்பு எண். "மாமா, இதில சிலந்தி இருக்குமா?" இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆந்தை இருக்கலாம், கிளி இருக்கலாம். கையை மட்டும் உள்ளே விடாதே என்றேன்.

32/ உங்களிடம் கேட்பதும் இதுதான். ஒரு மரத்தில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டாலும் பத்துக் கன்றிலும் பொந்து இருக்காது. உங்கள் ஊரில் கிழட்டு மரம் ஒன்றில் எண் எழுதியிருந்தால், வெட்டும் முன்னே ஒரு மனுவாவது கொடுங்கள். வீட்டுச் சுவரில் பெரிய சிலந்தியைப் பார்த்தால் துடைப்பத்தை எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது வழி தவறி வரவில்லை, வீடு போய் வந்திருக்கிறது.

 கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்க, ஓபி முடிந்ததும் பதில் போடுறேன்.